நாம் கேட்காத பானை

தருமபுரி மாவட்டத்தில் மண்பாண்டம் ஆண்டுக்கு இரண்டு முறை செய்திக்கு வருகிறது. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் அகல் விளக்கு, தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது பொங்கல் பானை. படத்தில் ஒருவர் சக்கரத்தின் முன்னால் குனிந்திருப்பார். பின்னால் பானைகள் அடுக்கியிருக்கும். ஏரியில் மண் எடுக்க முடியவில்லை, விறகு விலை ஏறிவிட்டது, எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின் வியாபாரம் இல்லை, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்று செய்தி சொல்லும். எல்லாம் உண்மை. படித்துவிட்டுப் பாவம் என்றோம், பக்கத்தைத் திருப்பினோம். அடுத்த ஆண்டு அதே செய்தி, வேறு படம்.

அந்தப் பரிதாபத்தை வைத்தே இத்தனை காலம் ஒப்பேற்றிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. நாம் என்றால், இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்கள், அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீடு கட்டுகிறவர்கள், சமையலறையை நடத்துகிறவர்கள், தமிழில் எழுதுகிறவர்கள். பானை செய்கிறவருக்காக இரக்கப்பட்ட நாம் அவர் செய்த பானையைப் பார்க்கவே இல்லை. கலைப்பொருளாகவும் பார்க்கவில்லை, நல்ல கருவியாகவும் பார்க்கவில்லை. "ஒழுகாதுல்ல அண்ணா?", "பத்து ரூபா கொறச்சுக் குடுங்க" என்ற இரண்டு பேச்சுக்கு மேல் அவரிடம் நமக்குப் பேச எதுவும் இருந்ததில்லை.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை இருக்கிறது. தேய்பிறை அஷ்டமி அன்று அங்குள்ள காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கேற்ற வெளி மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கூட்டம் வருகிறது. அதே ஊரில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. ஊரின் பெயரில் இருக்கும் அதியமானைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். நெடுமான் அஞ்சி, ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி, 1981இல் ஜம்பையில் கண்டெடுத்த கல்வெட்டு, அதில் சதியபுதோ என்று பொறித்திருப்பது என்று மேடையில் அரை மணி நேரம் பேசுவோம். சங்கப் பாட்டில் குயவரை முன்னிறுத்திப் பேசும் பாடல்கள் உண்டு என்பதும் தமிழாசிரியர்களுக்குத் தெரியும். கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குச் செய்யும் தாழியில் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்துதரச் சொல்லிக் கேட்கும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. வகுப்பில் அதை நடத்தும்போது குரல் தழுதழுத்தவர்கள் நம்மில் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இன்றைக்கும் சக்கரம் சுற்றுகிறது என்று அந்த வகுப்பை அங்கே கூட்டிப்போனவர்கள் நம்மில் மிகக் குறைவு.

2022 மே மாதத்தில் மயிலாடும்பாறை அகழாய்வின் காலக்கணிப்பு முடிவு வெளியானது. மயிலாடும்பாறை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை நம்மோடு சேர்ந்து ஒரே மாவட்டமாக இருந்த மண். தமிழ்நாட்டில் இரும்பு 4,200 ஆண்டுகளுக்கு முன்பே புழங்கியது என்ற செய்தியை எல்லோரும் கொண்டாடினோம். அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. கருப்பு சிவப்புப் பானை இரும்புக் காலத்தில்தான் வந்தது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே அது வந்துவிட்டது என்று இந்த அகழாய்வு காட்டியது. இரும்பைப் பற்றிப் பேசிய வாய்கள் பானையைப் பற்றிப் பேசவில்லை. ஒரே சூளையில், ஒரே பானையில், உள்ளும் வாய்ப்புறமும் கரேலென்று கருத்து, அடிப்புறம் சிவந்து வருவது எப்படி என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. பானையைக் கவிழ்த்து, வாய்ப்பக்கத்தைச் சாம்பலும் உமியும் போன்றவற்றுக்குள் புதைத்துச் சுட்டால் அந்தப் பகுதிக்குக் காற்று போகாது, கரி ஏறிக் கருக்கும். வெளியே தெரியும் அடிப்பகுதியில் காற்றுப் படும், மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். இது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதைக் கையால் செய்து காட்டக் கூடியவர் நம் பக்கத்து ஊரில் இருக்கலாம் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் ஓட்டுக்குக் கொடுத்த மரியாதையில் கொஞ்சத்தை மண்ணுக்கு மேலே வேலை செய்கிற கைக்குக் கொடுக்கவில்லை.

பானை செய்வதைச் சற்று நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று எழுத வேண்டும். செய்தியில் வரும் படம் எப்போதும் சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. சக்கரத்தில் எழும்புவது முழுப் பானை அல்ல. வாயும் கழுத்தும் அங்கே முடிந்துவிடும். உடம்பு தடித்த சுவராக, அடி திறந்தோ கனமாகவோ நிற்கும். அதை நிழலில் வைத்து, விரல் பட்டால் குழியாத, ஆனால் அடித்தால் நகரக்கூடிய பதம் வரும்வரை காத்திருப்பார்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். மழைக்காலத்தில் அந்தப் பதம் வரவே வராது. பிறகு மடியில் அல்லது சாம்பல் தூவிய தரையில் பானையைச் சாய்த்து, உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மறு கையால் தட்டுப்பலகையை வைத்துத் தட்டுகிறார்கள். உள்ளே கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, பலகை அந்த இடத்திலேயே விழ வேண்டும். தட்டத் தட்ட மண் மெலிந்து விரிந்து அடிப்பக்கம் வந்து சேர்கிறது. திறந்திருந்த இடம் மூடிக்கொள்கிறது. ஒரே நாளில் முடிப்பதில்லை. கொஞ்சம் தட்டி, ஆறவிட்டு, திரும்பத் தட்டுகிறார்கள். தடித்திருந்த சுவர் மெலிந்து எடை குறைகிறது, கொள்ளளவு கூடுகிறது. சத்தம் மாறுவதை வைத்தே சுவரின் கனம் தெரிந்துகொள்கிறார்கள்.

உருண்ட அடி அழகுக்காக மட்டும் இல்லை. மூன்று கல் அடுப்பில் தட்டையான அடி நின்றால், தட்டும் சுவரும் சேரும் மூலையில் சூடு ஏறுவதிலும் இறங்குவதிலும் வேறுபாடு வந்து அங்கே வெடிக்கும். உருண்ட அடியில் மூலையே கிடையாது. களிமண்ணோடு மணல் சேர்ப்பதும் இதற்குத்தான். குறைந்த சூட்டில் வெந்து, துளைகளோடு, மணலோடு இருக்கும் அந்த உடம்புதான் நேர்த் தீயைத் தாங்குகிறது. மணல் கூடினால் சக்கரத்தில் நிற்காது, குறைந்தால் அடுப்பில் நிற்காது. எந்த ஏரி மண்ணுக்கு எவ்வளவு மணல் என்ற கணக்கு எழுத்தில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. இந்த மாவட்டத்தில் உள்ள கல்லூரிகளின் வேதியியல், இயற்பியல் துறைகளில் ஆண்டுதோறும் மாணவர் செயல்திட்டத்துக்குத் தலைப்பு தேடி அலைந்திருக்கிறோம். நம் ஏரி மண்ணை அந்தத் தலைப்புப் பட்டியலில் சேர்த்தோமா?

இவ்வளவும் பழைய கதை என்று யாராவது சொல்லக்கூடும். ஆகவே புதிய கதையையும் சொல்ல வேண்டும். அதிலும் நம் அலட்சியம் குறைந்ததில்லை.

1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா அதற்கு முன் ஜப்பானின் பிசென் ஊரில் மண்வேலை கற்றவர். மீக்கர் கட்டடக்கலையும் மண்வேலையும் படித்தவர். இந்தியாவில் இன்று பெயர் சொல்லும் மண் கலைஞர்களில் பலர் அந்தப் பட்டறையில் பயின்றவர்கள். அங்கே வேலைக்குப் போன உள்ளூர்க்காரர்களும் கற்றுக்கொண்டு தனியே சூளை வைத்தார்கள். பக்கத்தில் ஆரோவில்லில் ஆதில் ரைட்டர் போன்றவர்கள் வேலை செய்கிறார்கள். கண்ணாடி போன்ற மெருகு பூசி 1,200, 1,300 டிகிரி செல்சியஸில் சுடும் ஸ்டோன்வேர் நம் மாநிலக் கடற்கரையை ஒட்டி இப்படி ஐம்பது ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறது.

மீக்கர் 1980களில் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் வியப்பு தீராது. பச்சை மண் கல்லால் வளைவுக் கூரையோடு வீடு கட்டினார். அதன் உள்ளே பச்சைச் செங்கல்லும் ஓடும் அடுக்கினார். பிறகு அந்த வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டினார். பல நாள் எரிந்தபின், சுவர் வெந்த வீடு ஒன்று நின்றது. உள்ளே வெந்த சரக்கை விற்றுச் செலவைச் சரிக்கட்டலாம் என்பது கணக்கு. ஏழை வீடுகளுக்கு மலிவான வழி கிடைக்குமா என்ற கேள்வியிலிருந்து வந்த முயற்சி அது. விறகுச் செலவும் உழைப்பும் அதைப் பரவவிடவில்லை. ஆனால் தென்னிந்தியச் செங்கல் சூளையிலிருந்து ஒரு கலைஞர் எடுத்துக்கொண்ட கேள்வி எவ்வளவு பெரியது! செங்கல் சூளைகளுக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இருக்கும் நாம் அதைக் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டவர்களும் தமிழில் எழுதவில்லை.

எழுதுகிறவர்களின் குற்றம் இதில் தனி. சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் தொடங்கியது முதல் நவீன ஓவியத்துக்குத் தமிழ்ச் சிற்றிதழ்கள் இடம் கொடுத்தன. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் அட்டைகளில் வந்தன. ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். மண்ணில் வேலை செய்தவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி போடப்படவில்லை. 2018இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் இந்திய செராமிக்ஸ் ட்ரைஎன்னாலே என்ற மண் கலைக் கண்காட்சி முதல் முறையாக நடந்தபோது, மண்ணை இவ்வளவு பெரிய அளவில், இத்தனை விதமாகச் சிந்திக்கலாம் என்று நாடு பார்த்தது. தமிழ் வாசகருக்கு அதை நம்மில் யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? 2020இல் புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வாழ்த்துச் செய்தி போட்டோம். அவர் கையின் குணம் என்ன, மற்றவர் கையிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று ஒரு விமர்சனக் கட்டுரை எழுத நம்மில் யார் உட்கார்ந்தார்கள்?

தருமபுரிப் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே கையால் செய்த கோப்பை காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் கடைகளைப் பார்க்கிறார்கள். அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும், விலை நான்கு இலக்கத்தில் இருக்கும். அந்த விலையைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டோன்வேர் சூளையில் ஒரு முறை தவறினால் மாத உழைப்பு போய்விடும். மெருகு ஒவ்வொன்றும் பல சோதனைத் துண்டுகளுக்குப் பிறகு வருவது. ஆனால் அந்த முத்திரையைப் பார்த்து மதிப்புக் கொடுக்கக் கற்றுக்கொண்ட நாம், ஊருக்குத் திரும்பியதும் பொங்கல் பானை வாங்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேசினோம். இரண்டு இடத்திலும் இருப்பது மண்ணும் சக்கரமும்தான். ஸ்டோன்வேர் கோப்பையை நேரே தீயில் வைத்தால் விரியும், நம் சட்டியை வைத்தால் விரியாது. நம் சட்டியில் தண்ணீர் கசியும், கோப்பையில் கசியாது. ஒன்று மேல், ஒன்று கீழ் என்று தராசு பிடிக்க இதில் இடமே இல்லை. அந்தத் தராசைப் பிடித்தது நாம்தான். படித்து, விரும்பி மண்ணுக்கு வந்தவரைக் கலைஞர் என்றோம். பிறந்த வீட்டிலேயே மண்ணைக் கற்றவரை நலிந்த தொழிலாளி என்றோம்.

ஜப்பானில் மாஷிகோ என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தோக்கியோ நகரத்துச் சமையலறைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் ஊறுகாய்ச் சாடியும் செய்துகொடுத்த ஊர். இங்கிலாந்தில் பெர்னார்ட் லீச் என்ற மண் கலைஞரோடு வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஹமாதா ஷோஜி 1924இல் அங்கே போய்ச் சேர்ந்தார். பெரிய நகரத்தில் பட்டறை வைக்காமல், அந்த ஊரின் கரடுமுரடான மண்ணையும் அந்த ஊர்க்காரர்கள் பூசிவந்த மெருகையும் எடுத்துக்கொண்டே தன் கலையைச் செய்தார். அவருடைய நண்பர் யானகி சோயெட்சு, பெயர் தெரியாத கைவினைஞர்கள் செய்த அன்றாடப் பொருள்களுக்கென்றே 1936இல் தோக்கியோவில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். 1955இல் ஜப்பான் அரசு ஹமாதாவுக்கு உயர்ந்த கைவினைப் பட்டத்தைக் கொடுத்தது. மாஷிகோ இன்று பானைக்காகவே ஆட்கள் தேடிப்போகும் ஊர். அங்கே நடந்ததைப் பரிதாபம் என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள், வாங்கத் தெரிந்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

நமக்கு ஜப்பான் தூரம் என்றால் மானாமதுரை இருக்கிறது. அங்கே செய்யும் கடம் நாடு முழுவதும் கச்சேரி மேடைகளுக்குப் போகிறது. கடம் வாசிப்பவர் தனக்கு வேண்டிய சுருதியைச் சொல்லிக் கேட்பார். அந்தச் சுருதி வரும்வரை மண்ணின் கலவையையும் சுவரின் கனத்தையும் தட்டும் விதத்தையும் அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூர்மையாக்கிக்கொண்டே வந்தன. கடம் செய்த மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. காது உள்ள ஒருவர் வந்து இப்படி வேண்டும் என்று கேட்டார். அதனால் அங்கே வேலை நின்றுபோகவில்லை. தருமபுரியில் நாம் கேட்கவில்லை. நம் பெரிய குற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கேட்பதற்கு நமக்கும் ஒன்று இருந்தது. இது கேழ்வரகு விளையும் மாவட்டம். களி தின்று வளர்ந்த உடம்பு நமக்கு. களிப் பானைக்குத் தனிக் குணம் வேண்டும். உலை கொதித்து மாவு விழுந்தபின், கட்டையை உள்ளே விட்டு முழு பலத்தோடு கிண்டும்போது அந்தப் பானையின் தோள் தாங்க வேண்டும். அடி பிடிக்கக் கூடாது. இறக்கி வைத்தபின் சூடு மெதுவாக ஆற வேண்டும். இப்படி ஒரு பானையை நம் பாட்டிமார் கேட்டு வாங்கினார்கள். இது தோள் சரியில்லை, போன தடவை கொடுத்தது மாதிரி கொடு என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் திருப்பிக் கொடுத்தலில் ஒரு விமர்சனம் இருந்தது, ஒரு மதிப்பும் இருந்தது. நாம் அலுமினியக் குண்டானுக்கு மாறினோம். மாறியது தவறில்லை, வேலை எளிதாயிற்று. ஆனால் இப்போது ராகிக்கு மவுசு திரும்பி, சிறுதானிய விழா நடத்தி, களிக்குப் பரிசு கொடுக்கிறோம். அந்தப் பரிசுப் பட்டியலில் பானைக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சை நாம் எடுத்ததில்லை.

நல்ல காரியம் எது, கெட்ட காரியம் எது என்று உடனே சொல்லிவிட முடியாத ஓர் இடமும் உண்டு. 1953இல் ராஜாஜி ஆட்சியில் அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. அப்போது நாம் சேலம் மாவட்டத்தின் பகுதி. குயவர் பிள்ளை குயவராகவே இருக்க வேண்டுமா என்று தமிழ்நாடு கொதித்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் சரி. அது இல்லாவிட்டால் நம்மில் பாதிப்பேர் இன்று இதை வாசிக்கும் இடத்தில் இருக்க மாட்டோம். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை மாநில அரசு ஏற்காமல், 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கி, சாதி பார்க்காமல், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வரம்பு வைத்ததற்கும் இந்த வரலாறுதான் காரணம். பதினெட்டு வயதுப் பிள்ளையைக் குலத்தொழிலுக்குள் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது.

ஆனால் குயவர் பிள்ளையைச் சக்கரத்திலிருந்து விடுவித்த நாம், அந்தச் சக்கரத்தை எல்லாப் பிள்ளைக்கும் திறந்துவிட்டோமா? எந்த வீட்டில் பிறந்த பெண்ணோ பையனோ, மண் பிடித்திருக்கிறது, கற்றுக்கொள்கிறேன் என்றால் இந்த மாவட்டத்தில் நாம் எங்கே அனுப்புவோம்? சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அவர் இந்நாட்டு மண்வகைகளைத் தேடிச் சோதித்தவர். அங்கே மண்வேலை ஒரு படிப்பு. விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு கல்வி நிலையம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பொறியியலும் நர்சிங்கும் பி.காமும் சொல்லும்போது இவற்றையும் சொன்ன ஆசிரியர் நம்மில் எத்தனை பேர்? ஓவிய வகுப்பில் ஒரு கூடை களிமண் கொண்டுவந்து வைக்க அரசாணை தேவைப்படவில்லை. வைக்கவில்லை.

மண் விஷயத்தில் நம் குற்றம் இன்னும் நேரானது. பானை மண் எல்லா இடத்திலும் கிடைக்காது. வண்டல் படியும் ஏரியில், குறிப்பிட்ட ஆழத்தில், ஒட்டும் தன்மை உள்ள மண் வேண்டும். ஏரி வற்றியிருக்கும் கோடையில் எடுத்துச் சேர்த்து வைத்தால்தான் ஆண்டு முழுவதற்கும் வேலை. அந்த ஏரிகளை நாம் ஓரத்தில் நெருக்கினோம், சாக்கடையைத் திருப்பிவிட்டோம், கட்டட இடிபாட்டைக் கொட்டினோம். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த மண்ணைச் சக்கரத்தில் வைத்தால் கையைக் கிழிக்கும். சுண்ணாம்புக் கல் ஒரு கடுகளவு உள்ளே போனாலும், வெந்த பானையில் அது ஈரத்தை இழுத்துப் பூத்து, சில நாளில் அந்த இடம் பெயர்ந்து விழும். கடையில் வாங்கிய பானையில் அப்படிப் பெயர்ந்தபோது செய்தவரைத் திட்டினோம். சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த இடிபாட்டை ஏரியில் கொட்டியது யார் என்று யோசிக்கவில்லை.

மண்பாண்டத்துக்கு ஏரி மண் கட்டணமில்லாமல் எடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. 2024இல் அந்த அனுமதியை வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று எளிதாக்கினார்கள். மண்பாண்டத்துக்கு 60 கன மீட்டர் வரை. இணையவழி விண்ணப்பம், நில விவரம், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை என்று அதிலும் படிகள் உண்டு. ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் நாம். நிரப்பத் தெரியாமல் அலைந்தவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கலாம்.

பெண்களைப் பற்றி நாம் எதுவுமே சொன்னதில்லை. செய்திப் படத்தில் சக்கரத்தின் முன்னால் ஆண் இருப்பார். மண்ணை உடைத்து, சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பதமாக்குவதிலும், காவி பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவதிலும், அடுக்குவதிலும், சந்தையில் உட்கார்ந்து விற்பதிலும் பெரும் பங்கு பெண்களுடையது. அவர்கள் கை படாத பானை நம் வீட்டுக்கு வந்ததில்லை. நல வாரிய அட்டை, மழைக்கால நிவாரணம் என்று வரும்போது கணக்கில் ஏறும் பெயர் பெரும்பாலும் குடும்பத் தலைவருடையது. கலைஞர் என்று பேசத் தொடங்கினாலும் நாம் அதே தவறைத்தான் செய்வோம் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, மாரியம்மனுக்குத் தீச்சட்டி, சாவுக்குக் கொள்ளிக்குடம் என்று சடங்கு வரும்போது மட்டும் குயவர் வாசலில் போய் நின்றோம். நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடும் மண் இது. இங்கும் தமிழ்நாட்டின் மற்ற இடங்களிலும் கிராமக் கோயில் எல்லையில் சுடுமண் குதிரையும் காளையும் நேர்ந்து வைப்பது வழக்கமாக இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் குதிரையை உள்ளீடின்றி, சுவர் சுவராக எழுப்பி, கால்களில் எடை சரியாக இறங்கும்படி செய்து, நின்ற இடத்திலேயே சுற்றி எரித்துச் சுடுவது உலகத்தின் எந்த மண் கலைஞரும் மலைத்துப்போகும் வேலை. ரான் டுபாய்ஸ் என்ற அமெரிக்கர் 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து அதைப் படமெடுத்துப் போனார். நாமோ கும்பாபிஷேகக் கமிட்டியில் உட்கார்ந்து, சிமென்ட்டில் செய்து எனாமல் அடித்தால் நாள்பட நிற்கும் என்று முடிவெடுத்தோம். பழைய மண் குதிரைகளை எங்கே கொண்டுபோய்ப் போட்டோம் என்று அந்தக் கமிட்டிகளில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், நிவாரணம் கேட்டு மனு எழுதுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, முதலில் ஊர் ஊராகப் பெயர்களை எழுத வேண்டும். அதியமான்கோட்டையில் தொடங்கலாம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று போகலாம். யார் எந்த மண்ணை எடுக்கிறார், யார் கை எதில் தேர்ந்தது, குடத்திலா, சட்டியிலா, குதிரையிலா, அகலிலா என்று தனித்தனியாக எழுத வேண்டும். வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயருக்குத் தனி வரி. அவர்கள் சம்மதித்தால், செய்யும் பானையின் அடியில் ஒரு குறி போடச் சொல்லலாம். வாங்குகிறவர் அடுத்த முறை அந்தக் குறியைச் சொல்லிக் கேட்க முடியும். புதுச்சேரியிலும் பெங்களூரிலும் ஸ்டோன்வேர் செய்கிறவர்களை இங்கே அழைக்கலாம். கற்றுக்கொடுக்க அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து தட்டுப்பலகை பிடித்துப் பார்க்க. நம்மவர்கள் அவர்கள் சூளைக்கு முன்னால் போய் நிற்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் கேட்க நிறைய இருக்கும்.

பிறகு, கேட்க வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்குக் களி கிண்டும் பானை, தோள் கனமாக, கட்டை உள்ளே சுழல வாய் அகலமாக. உறி இல்லாத வீட்டு மேடையில் நிற்க அடிக்கு ஒரு மண் வளையம். தயிருக்கு மூடியோடு சின்னக் கலயம். அளவு சொல்லி, முன்பணம் கொடுத்து, முதல் சூளையில் சரியாக வராவிட்டால் அந்த நஷ்டத்திலும் பங்கெடுத்து, இரண்டாவது தடவை திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளி விடுதிகள், கல்யாண மண்டபங்கள், ஒகேனக்கல் சாலையோர உணவகங்கள் இதைத் தொடங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கும். பொங்கலுக்குத் தேவையான பானைக்கு மார்கழியில் போய்க் கேட்டுப் பயனில்லை. அந்த மாதத்தில் பனி, ஈரம், ஏரியில் தண்ணீர். பச்சைப் பானை காயவே பல நாள் ஆகும். மண் சித்திரை, வைகாசியிலேயே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் பங்குனிக்குள் தாலுகா அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.